துருப்பிடித்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள்: ஸ்டாண்டர்டு ஹெரால்டு பாடி வேலை, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஹெரால்டு காரின் கதவு அடிப்பகுதியை முதன்முதலாக வெட்டியெடுத்த அன்று, அந்தத் துருப்பிடித்த துண்டை மற்ற இரும்போடு சேர்த்துக் காயலான் கடையில் போட்டுவிட்டேன். மூன்று நாள் கழித்துப் புதுத் தகட்டை மடிக்க உட்கார்ந்தபோதுதான் கேள்விகள் வந்தன. உள்மடிப்பு எத்தனை மில்லிமீட்டர்? தண்ணீர் வடியும் ஓட்டைகள் எங்கே இருந்தன? மூலையின் வளைவு எந்த இடத்தில் தொடங்கியது? பதில் சொல்லக்கூடிய ஒரே பொருள் கையை விட்டுப் போயிருந்தது. பழைய கார்களுக்கு வரைபடம் கிடைக்காது. அரித்துப்போன அந்தத் தகடுதான் வரைபடம். புதுத் துண்டு வண்டியில் பொருந்தி, பெயிண்டும் காய்ந்த பிறகுதான் பழையதைப் பிரிய வேண்டும். கீழே சொல்லியிருக்கும் முறைகள் எல்லாமே இந்த ஒரு பழக்கத்தை ஒட்டித்தான் வருகின்றன.

ஏன் ஹெரால்டு?

பாடி வேலை பழக இதைவிட நல்ல பழைய கார் நம் ஊரில் இல்லை என்பது என் கருத்து. காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. ஐம்பதுகளில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனிக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தைப் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே கூடாக அழுத்திக் கொடுக்க ஆள் இல்லாமல் போனதால், தனி சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) போட்டு, பாடியைப் பகுதி பகுதியாகச் செய்து போல்ட் போட்டு இணைக்கும் பழைய வழிக்கே அவர்கள் திரும்பினார்கள். இத்தாலியின் ஜியோவானி மிக்கலோட்டி வடிவமைக்க, ஸ்டாண்டர்டு கம்பெனி தன் டிரையம்ஃப் பெயரில் விற்ற டிரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் அப்படித்தான் வெளிவந்தது. முன்பக்கம் முழுவதும் ஒரே பானெட்டாக முன்னோக்கிக் கவிழும். மேற்கூரையைக்கூடக் கழற்றிவிடலாம்.

இங்கே 1961 முதல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் அதையே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. பின்னால் வந்த நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே ஓடிய வண்டி. அதனால் அதன் பின்கதவுக்கு இங்கிலாந்திலிருந்து புதுத் தகடு வரவழைக்கலாம் என்று காத்திருப்பதில் பயனில்லை. சென்னையில் பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் எப்போதாவது ஒன்று கண்ணில் படும். மற்றபடி நாமே அடித்துச் செய்ய வேண்டியதுதான்.

ஒரு பகுதியைக் கழற்றி, மேசைமேல் வைத்து, நிதானமாக வேலை செய்யலாம். தப்பானால் வண்டி முழுவதும் கோணாது. புதியவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

கழற்றும் முன்

கேமராதான் முதல் கருவி. ஒவ்வொரு கதவையும் சுற்றியுள்ள இடைவெளியை நான்கு பக்கமும் அளந்து, அந்த அளவை மாஸ்கிங் டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டிப் படம் எடுங்கள். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே போல்ட் போடும் இடங்களில் சிறு தகட்டுத் துண்டுகளையும் ரப்பர் பேக்கிங்கையும் வைத்து உயரம் சரிசெய்திருப்பார்கள். எந்தப் போல்ட்டில் எத்தனை துண்டு என்று குறிக்காமல் கழற்றினால், பிறகு கதவு ஏன் மூடவில்லை என்று மாதக்கணக்கில் தேட வேண்டிவரும். ஒவ்வோர் இடத்து போல்ட்டையும் பேக்கிங்கையும் தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள்.

இன்னொரு காரணத்துக்காகவும் படங்கள் தேவை. 2021 ஜூலையில் வந்த மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியை 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட விண்டேஜ் எண்ணில் பதியலாம். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஆனால் வண்டி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. இருந்ததை இருந்தபடியே மீட்டோம் என்று காட்ட, முன்பும் நடுவிலும் பின்பும் எடுத்த படங்கள் கைகொடுக்கும். சேசிஸ் எண் உள்ள இடத்தில் கிரைண்டரைக் கொண்டுபோகவே கூடாது.

துரு எவ்வளவு தூரம் போயிருக்கிறது?

கண்ணுக்குத் தெரியும் ஓட்டையைப்போல இரண்டு மடங்கு தகடு போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டு தொடங்குங்கள். விரல் நுனியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும், பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசிய இடம் மந்தமாகக் கேட்கும். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற மெல்லிய காந்தத் தாளை மெதுவாக நகர்த்தினால், பட்டி தடிமனாக உள்ள இடத்தில் அது பிடிக்காமல் நழுவும். ஹெரால்டில் முதலில் பார்க்க வேண்டியவை கதவின் அடிவிளிம்பு, கதவுக்குக் கீழே ஓடும் சில் தகடு, பானெட்டில் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள கீழ்மூலை, டிக்கியின் தரை. பாயைத் தூக்கி, சேசிஸிலிருந்து பக்கவாட்டில் கிளம்பும் கைகளையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். அந்தக் கைகள் இற்றிருந்தால் சில்லைத் தொடும் முன் அவற்றைத்தான் சரிசெய்ய வேண்டும். தாங்கும் இடமே அசைகிற நிலையில் மேலே எவ்வளவு அழகாகப் பொருத்தினாலும் நிற்காது.

பெயிண்டைச் சுரண்டக் கரடுமுரடான கிரைண்டர் தட்டைப் போடாதீர்கள். சூட்டில் தகடு நெளியும், மெலியும். பரந்த தகட்டுக்கு மணல் பீய்ச்சும் வேலையும் வேண்டாம், அதுவும் நெளித்துவிடும். பெயிண்ட் ரிமூவர் பூசி ஊறவைத்துச் சுரண்டுவது மெதுவானது, ஆனால் தகடு பிழைக்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், நல்ல முகமூடி அணியுங்கள், அந்தத் தூளைக் குழந்தைகள் நடமாடும் இடத்தில் பெருக்கித் தள்ளாதீர்கள்.

தகடும் கருவியும்

வெளித் தகடுகளுக்கு 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மி.மீ. தடிமனுள்ள சி.ஆர். ஷீட் (சூடாக்காமல் உருட்டிய எஃகுத் தகடு) வாங்குங்கள். பழைய தகட்டில் துரு ஏறாத இடத்தை அளந்து உறுதி செய்துகொள்வது நல்லது. வளைவு அதிகமுள்ள துண்டுக்கு 'இ.டி.டி.' தரம் கேளுங்கள். ஆழமாக இழுத்து வடிவமாக்குவதற்கென்றே வரும் மென்மையான தகடு அது, அடிக்கு இணங்கும். சேசிஸ் கைகளுக்கு 16 கேஜ். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் துருப்பிடிக்காதே என்று ஆசைப்படாதீர்கள். வெல்டிங் சூட்டில் துத்தநாகம் புகையாகி, அதை மூச்சில் இழுத்தவருக்கு இரவில் குளிர்காய்ச்சல் வரும்.

கருவிகளுக்குப் பெரிய செலவு இல்லை. தகரம் வெட்டும் கத்தரி, தட்டையும் வளைவுமான முகமுள்ள இரண்டு டிங்கர் சுத்தியல், இரண்டு மூன்று டாலி (தகட்டுக்கு அடியில் கையால் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டி), கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), கிரிப் பிளையர் ஆறேழு, அரம், ஒரு கிரைண்டர். பழைய பட்டா ஸ்பிரிங் துண்டு ஒன்றைக் காயலான் கடையில் வாங்கி, முகத்தைப் பளபளப்பாகத் தேய்த்துக் கைப்பிடி வளைத்துக்கொண்டால், பரப்பை நிரவ அதைவிட நல்ல கருவி கிடைக்காது. கூடவே கறிக்கடையில் வைப்பதுபோன்ற ஒரு புளியங்கட்டை. அதன் தலையில் நான்கு அங்குல அகலத்துக்கு, ஓர் அங்குலம் ஆழத்தில் சோற்றுக் கரண்டிபோல ஒரு குழி தோண்டுங்கள். அந்தக் குழிதான் உங்கள் பிரஸ்.

நேரான நீள மடிப்புகளை நீங்களே போடப் போராட வேண்டாம். பீரோ பட்டறைக்கு எடுத்துப் போனால் பெண்டிங் மிஷினில் ஐந்து நிமிடத்தில் மடித்துத் தருவார்கள். பழகுவதற்கும் காயலான் கடையில் கிடக்கும் பழைய பீரோ கதவே நல்லது. வண்டியைத் தொடும் முன் ஒரு மாதமாவது அதன்மேல் அடித்துப் பாருங்கள்.

அட்டையில் ஒரு முறை, தகட்டில் ஒரு முறை

எந்தத் துண்டானாலும் முதலில் அட்டையில் செய்யுங்கள். தினசரிக் காலண்டரின் பின்னட்டை இதற்கு அளவான தடிமன். மடிப்பு, வெட்டு, ஓட்டை எல்லாம் அதில் சரியாக வந்த பிறகே தகட்டில் கோடு போடலாம். இடப்பக்கம் முழுவதும் இற்றுப்போயிருந்தால் வலப்பக்கத்தில் அளவெடுத்து அட்டையைத் திருப்பிப் போடுங்கள். கதவு அடிப்பகுதி, டிக்கி தரை போன்ற ஒரே திசையில் வளையும் துண்டுகளுக்கு இது போதும்.

பானெட்டின் சக்கர வளைவு, ஹெட்லைட் மேலே கண்ணிமைபோல நீட்டியிருக்கும் பகுதி போன்றவை இரண்டு திசையிலும் வளைபவை. அங்கே அட்டை படியாது. டேப் அச்சு எடுக்க வேண்டும். நல்ல பக்கத்தின் மேல் முதலில் எளிதில் உரியும் மாஸ்கிங் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டி மூடுங்கள். அதன்மேல் பார்சல் கட்டுகிற நூலிழை டேப்பை நீளவாக்கில் ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று. விளிம்பும் கோடுகளும் பேனாவால் குறித்த பிறகு மெல்ல உரித்தெடுத்து, ஒட்டும் பக்கத்தில் முகப்பவுடர் தூவுங்கள். இப்போது உங்கள் கையில் இருப்பது அந்தப் பரப்பின் தோல். அதை உள்வெளியாகத் திருப்பினால் எதிர்ப்பக்கத்துக்கான அச்சு!

இந்தத் தோல் ஒரு வேலையைச் சொல்லியும் கொடுக்கும். நீங்கள் அடித்துக்கொண்டிருக்கும் தகட்டின்மேல் அதைப் போர்த்திப் பாருங்கள். எங்கே அது தொளதொளவென்று கிடக்கிறதோ அங்கே தகடு போதவில்லை, இன்னும் விரிய வேண்டும். எங்கே இறுக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கிறதோ அங்கே தகடு அதிகம், சுருங்க வேண்டும். தகட்டு வேலை மொத்தமும் இந்த இரண்டுதான்: விரிப்பது, சுருக்குவது. அண்டாவும் குடமும் அடித்த கன்னார்களின் கைக்கு நாள் முழுதும் பழக்கமான வேலை இது. காருக்கென்று தனி வித்தை கிடையாது.

அடித்து வடிவமாக்குவது

தகட்டைப் புளியங்கட்டைக் குழியின் மேல் வைத்துக் கொட்டாப்புளியால் அடியுங்கள். நடுப்பகுதி குழிக்குள் இறங்கும், ஓரம் அப்பளம்போல நெளிந்து எழும். அந்த நெளிவைக் கண்டு பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அது கெடுதல் இல்லை, அதுதான் வழி. நெளிவு விலகி ஓடாதபடி, நுனியிலிருந்து உள்நோக்கி அதைக் குழிக்குள் வைத்துத் தட்டி அமர்த்தினால், தகடு தன்மேலேயே அமிழ்ந்து அந்த ஓரம் சுருங்கிவிடும். விரிப்பதையும் சுருக்குவதையும் ஒரே குழி செய்கிறது. நெளிவின்மேல் நெளிவு மடிந்து விழ மட்டும் விடாதீர்கள். மடிந்தால் அந்த இடம் வெடிக்கும்.

இந்தக் கட்டத்தில் துண்டு பார்க்கச் சகிக்காது. கவலை வேண்டாம். அச்சைப் போர்த்தி, தட்டி, மறுபடி போர்த்தி, மொத்த வடிவம் வந்த பிறகுதான் நிரவத் தொடங்க வேண்டும். டாலியை அடியில் பிடித்து மேலே பட்டா ஸ்பிரிங் துண்டால் மெல்லத் தட்டுங்கள். டாலி இருக்கும் இடத்துக்கு நேர் மேலே அடித்தால் தகடு நசுங்கி விரியும். டாலியைப் பள்ளத்துக்கு அடியில் அழுத்திப் பிடித்து, பக்கத்தில் உள்ள மேட்டில் அடித்தால் மேடு இறங்கும், பள்ளம் எழும், தகடு அதிகம் விரியாது. இந்த வித்தியாசம் கைக்குப் பிடிபட்டால் பாதி டிங்கர் வேலை கற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம்.

விளிம்பு மடிப்புகளுக்கு, கெட்டியான மரப்பலகையில் பழைய துண்டின் விளிம்பு வடிவத்தை இரண்டாக அறுத்து, நடுவில் தகட்டை வைத்து இறுக்கி, வெளியே நீட்டியிருப்பதை ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்குங்கள். ஒரே இடத்தில் நின்று முழுவதும் மடக்கினால் கிழியும்.

வெட்டுவது கடைசி

புதுத் துண்டு தயாரான பிறகே பழையதை வெட்ட வேண்டும். துண்டை வண்டிமேல் பொருத்தி, கிரிப் பிளையரால் பிடித்து, அதன் விளிம்பை ஒட்டிக் கூரான ஆணியால் கோடு கீறி, அந்தக் கோட்டில் வெட்டுங்கள். மூலைகளை வட்டமாக விடுங்கள். வெட்டுக்கோடு பெரிய சமதளத்தின் நடுவே போகக் கூடாது. அங்கே வெல்டிங் சூடு தகட்டை நெளித்துவிடும். மடிப்பு அல்லது பாடிக் கோட்டுக்கு அருகில், அதன்மேல் படாமல் ஓர் அங்குலம் தள்ளிப் போனால் அந்த வளைவே தகட்டைப் பிடித்துக்கொள்ளும். கதவுச் சட்டத்தையோ சில்லையோ வெட்டுவதானால், கதவு வாசலுக்குக் குறுக்கே ஒரு குழாயைத் தற்காலிகமாகப் பற்றவைத்துவிட்டு வெட்டுங்கள்.

வெல்டிங்

முதலில் பாதுகாப்பு. பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். ஹெரால்டின் பெட்ரோல் டேங்க் டிக்கிக்குள் இருக்கிறது. டிக்கிப் பக்கம் வேலை என்றால் டேங்கைக் கழற்றி வண்டியை விட்டே அகற்றுங்கள், காலி டேங்க்தானே என்று விட்டுவைக்காதீர்கள். காலி டேங்கின் ஆவிதான் வெடிக்கும். சீட், பாய், வயர் எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். ஒரு வாளித் தண்ணீரும் மணலும் பக்கத்தில் இருக்கட்டும். வேலை முடிந்து ஒரு மணிநேரம் அங்கேயே இருந்து கவனியுங்கள். பழைய வண்டியின் நார்த்துணிக்குள் நெருப்பு மெதுவாகப் புகையும்.

துண்டைப் பழைய தகட்டின்மேல் ஏற்றிப் பற்றவைப்பது எளிது. ஆனால் அந்த இடுக்கில் தண்ணீர் தங்கி இரண்டு மழைக்காலத்தில் மறுபடி துரு கிளம்பும். விளிம்போடு விளிம்பு சேர்த்து, தகட்டின் தடிமன் அளவே இடைவெளி விட்டுப் பற்றவையுங்கள். தொழிற்சாலையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்பாட் வெல்டிங் செய்த விளிம்புகளை மட்டும் அப்படியே செய்யலாம். மேல் தகட்டில் 5 அல்லது 6 மி.மீ. ஓட்டை போட்டு, நடுவில் துத்தநாக பிரைமர் பூசி, ஓட்டையை வெல்டிங்கால் நிரப்புங்கள்.

ராடு போட்டுச் செய்யும் சாதாரண ஆர்க் வெல்டிங் 20 கேஜ் தகட்டில் ஓட்டைதான் போடும். கேஸ் வெல்டிங் தெரிந்த மூத்த டிங்கர் பக்கத்தில் இருந்தால் அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அந்த ஒட்டு மென்மையானது, சுத்தியலுக்கு இணங்கும், ஆனால் சூடு வெகுதூரம் பரவும். தனியாகத் தொடங்குபவருக்கு 0.6 மி.மீ. கம்பி போட்ட மிக் வெல்டிங்தான் (கம்பி தானாக ஓடிவரும் மின் வெல்டிங்) ஏற்றது. ஓர் அங்குலத்துக்கு ஒரு புள்ளி. இங்கே ஒன்று வைத்தால் அடுத்தது எதிர் ஓரத்தில். பக்கத்தில் கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகே அடுத்த புள்ளி. புள்ளிகளுக்கு நடுவே புள்ளி வைத்துக்கொண்டே போய்க் கோடாக்குங்கள். ஓர் அடி நீளத்துக்கு ஒரு மாலைப்பொழுது ஆகும், ஆகட்டும். பித்தளை வைத்துப் பற்றவைப்பதை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த இடத்தில் பிறகு எஃகு வெல்டிங் பிடிக்காது.

முடித்த பிறகு தகடு டப் டப் என்று உள்ளும் வெளியும் துள்ளினால், சுற்றியுள்ள தகட்டை அடிக்கத் தோன்றும். குறை அங்கே இல்லை. ஒட்டுக்கோடு ஆறும்போது சுருங்கி எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்திருக்கிறது. ஒட்டின் மேட்டைத் தேய்த்துவிட்டு, அடியில் டாலி வைத்து ஒட்டின் மேலேயே அடித்து அதை விரித்துவிடுங்கள். துள்ளல் நின்றுவிடும்.

பட்டிக்கு முன்னும் பின்னும்

கழுவிக் காயவைத்த வெறும் தகட்டை இரவு முழுவதும் விட்டுவைத்தால், கடற்கரை ஊர்களில் காலையில் அதன்மேல் செம்மஞ்சள் படலம் நிற்கும். அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். பட்டி அதன்மேல்தான். 3 மி.மீ.க்கு மேல் பட்டி தேவைப்பட்டால் மறுபடி சுத்தியலை எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

பெயிண்ட்டுக்கு முன் எல்லாவற்றையும் ஒரு முறை வண்டியில் பூட்டிப் பாருங்கள். முதலில் பாடியைச் சேசிஸ் மேல் சமமாக உட்காரவைத்து, பிறகு கதவுகள், கடைசியில் பானெட். பானெட்டின் முன்கீலில் அதை நகர்த்தச் சிறிது இடமிருக்கிறது, அதனால் கதவை வைத்துப் பானெட்டைச் சரிசெய்யலாம், பானெட்டை வைத்துக் கதவைச் சரிசெய்ய முடியாது. இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே சீராக 4 அல்லது 5 மி.மீ. வந்தால் நல்ல வேலை. நீங்கள் முதல் நாள் டேப்பில் எழுதிய அளவுகளோடு ஒப்பிடுங்கள்.

இரண்டு டப்பா கலக்கும் பெயிண்டை வீட்டு முற்றத்தில் அடிக்காதீர்கள். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட்டைத் தூசி முகமூடி தடுக்காது. பூத் உள்ள பட்டறையிடம் கொடுத்துவிடுங்கள், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழை கழிந்த பிறகு.

பெயிண்ட் காய்ந்ததும் கதவுக்குள்ளும் சில்லுக்குள்ளும் துருத் தடுப்பு மெழுகைக் குழாய் வைத்துப் பீய்ச்சுங்கள். கதவின் அடியில் உள்ள ஓட்டைகளின் இடத்தைப் பழைய துண்டைப் பார்த்துச் சரியாகத்தான் போட்டிருப்பீர்கள், ஆனால் மெழுகு அவற்றை அடைத்திருக்கக்கூடும். கண்ணாடியை முழுவதும் ஏற்றிவிட்டு, அதன் இடுக்கில் ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். எல்லா ஓட்டையிலிருந்தும் தரையில் சொட்ட வேண்டும். ஏதாவது ஒன்று சொட்டவில்லையென்றால் சைக்கிள் போக்ஸ் கம்பியால் குத்திவிட்டு, மறுபடி ஒரு சொம்பு ஊற்றுங்கள்.